மச்சான் கையெழுத்தில் வந்த சீல்

என் கைப்பையை யாராவது நகர்த்தி வைக்க நேர்ந்தால், உள்ளே கல்லா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கல் இல்லை, என்னுடைய நோட்டரி சீல். காகிதத்தை அதன் வாயில் கொடுத்துக் கைப்பிடியை அழுத்தினால் எழுத்துகள் வட்டமாகப் புடைத்துக்கொண்டு வரும். மதுரை ஜில்லா கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது, மேசைக்குப் பூட்டும் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் சீலை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அது என்னோடுதான் வரும். "பெத்த பிள்ளையக்கூட நீ இப்படித் தூக்கிக்கிட்டு அலையல" என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருடைய சாக்பீஸைத் திருடி யாரும் அடுத்தவன் நிலத்தை எழுதிக்கொள்ள முடியாது, என் சீலைத் திருடினால் முடியும் என்று நான் பதில் சொல்வேன்.

சீல் சும்மா வந்துவிடவில்லை. ஆண்களாக இருந்தால் பத்து வருடம், பெண்களாக இருந்தால் ஏழு வருடம் வக்கீல் தொழிலில் இருந்தால்தான் நோட்டரிக்கு மனுப் போடவே முடியும். சட்டம் பெண்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகைகளில் எனக்கு அலையாமல் கிடைத்தது அது ஒன்றுதான். மனுவில் நம்மைப் பற்றி நாமே பெருமையாக எழுதினால் போதாது. ஒரு மாஜிஸ்திரேட், ஒரு பேங்க் மேனேஜர், ஒரு வியாபாரி, அதுபோக அந்தப் பகுதியில் முக்கியமானவர்கள் இரண்டு பேர், இத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாஜிஸ்திரேட்டும் மேனேஜரும் உட்கார்ந்திருக்கிற நாற்காலியால் தெரிந்துவிடுவார்கள். வியாபாரிக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்த பாய் ஒருவர் கிடைத்தார், அவருடைய வழக்கு ஒன்றை நான் நடத்திக் கொடுத்திருந்தேன். முக்கியமானவர் என்றால் யார் என்பதில்தான் குழப்பம். எங்கள் தெருவில் எல்லாருமே தங்களை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பிடித்தோம். இன்னொருவராக என் வீட்டுக்காரரின் அண்ணனைக் கேட்டோம். அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் மழையை நம்பிப் புஞ்சை விவசாயம் பார்த்த குடும்பம் அது. அதிலிருந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட்டு, தம்பியைப் படிக்க வைத்து, தங்கையை மேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார். எந்தப் பஞ்சாயத்திலும் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். என் மனுவை வாங்கியவர், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம வீட்டுப் பிள்ளை சீல் வச்சிருக்குன்னா அது யாருக்குப் பெருமை? நமக்குத்தேன்" என்றார். எனக்கு அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

நேர்காணல் எல்லாம் முடிந்து சான்றிதழ் வந்ததும் சீல் செய்யக் கொடுத்தேன். விதி இதில் ரொம்பக் கறார். அலங்காரமில்லாத வட்டம், ஐந்து சென்டிமீட்டர் விட்டம். உள்ளே என் பெயர், எனக்கு ஒதுக்கிய பகுதி, பதிவு எண், நோட்டரி என்ற சொல், என்னை நியமித்த அரசின் பெயர். அவ்வளவுதான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் சீல் செய்கிற பாய், என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் வட்டத்தின் நடுவில் ஒரு கோபுரம். அரசாங்கச் சின்னத்தில் இருக்கிற அதே கோபுரம். சுற்றிலும் கயிறு முறுக்கினாற்போல ஒரு கரை வேறு.

"பாய், வெறும் வட்டம்னுதான எழுதிக் கொடுத்தேன்?"

"வெறும் வட்டமா இருந்தா ரேஷன் கடை சீல் மாதிரில இருக்கும் மேடம். கோபுரம் இருந்தாத்தான் ஒரு மதிப்பு. மதுரையில கோபுரம் வேணாம்னு யாரு சொல்லப் போறா?"

"நான் சொல்றேன்."

அவர் ஆசையாகத்தான் செய்திருந்தார். ஆனால் அரசாங்கம் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்ததே தவிர, தன்னுடைய சின்னத்தைக் கொடுக்கவில்லை. அதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல், வாயை விட்டுவிட்டேன். அவர் வேறொன்று வெட்டித் தந்தார். கோபுரம் போட்டதை என் கண்முன்னால் அறுத்துப் போடச் சொன்னேன்.

"என்னைய நம்பலையா மேடம்?"

"உங்கள நம்புறேன் பாய். உங்க குப்பைத்தொட்டியத்தான் நம்பல."

அதற்கு அவர் சிரித்துவிட்டார். ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைத் தாளில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

சீல் கைக்கு வந்த பிறகுதான் அது எத்தனை கட்டுப்பாடான சாமான் என்று புரிந்தது. சான்றிதழுக்கு ஐந்து வருடம் ஆயுள். புதுப்பிக்க மறந்தால் சீல் வெறும் இரும்பு. எனக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டினாலும் அப்படித்தான். இரவல் கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடுகிறவர் என் எதிரில் உட்கார்ந்து போட வேண்டும், என்னத்தில் போடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ என் குடும்பத்துக்கோ ஆதாயம் வருகிற காகிதத்தை நான் தொடவே கூடாது. கோர்ட் வாசலில் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். "ஆள் வரணுமா, ஆதார் ஜெராக்ஸ் போதுமா?" என்று போனிலேயே கேட்கிற ஊர் இது. ஆள் வரவேண்டும் என்று நான் சொன்னதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அதனால் என் ஆபீஸில் கூட்டம் எப்போதும் கம்மிதான்.

மச்சான் வந்தது அப்படிக் கூட்டமில்லாத ஒரு மத்தியானம். கையில் ஒரு முத்திரைத்தாள்.

"இந்தாம்மா, இதுல ஒரு சீலப் போட்டுக் குடு. பட்டறையில ஆள் நிக்குது, நான் போகணும்."

வாங்கிப் படித்தேன். உசிலம்பட்டி ரோட்டோரம் இருந்த குடும்பத்துப் புஞ்சை பற்றியது. மாமனார் மாமியார் இரண்டு பேரும் தவறிப்போன பிறகு அது மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கிடந்தது. ரோடு அகலமானதும் பிளாட் போடுகிறவர்கள் விலை பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கையான எனக்கு அந்த நிலத்தில் பங்கு வேண்டாம், அண்ணன்கள் விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று என் நாத்தனார் சத்தியம் செய்கிறாற்போல எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் என் சீலுக்கு இடம்.

இந்தக் காகிதத்தால் மட்டும் அவள் பங்கு போய்விடாது. அதற்குப் பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். ஆனால் சீல் விழுந்த காகிதம் ஒன்று கையில் இருந்தால், நீதான் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டாயே என்று சொல்லி அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போவது சுலபம். இந்த மாதிரிக் கதையோடு எத்தனையோ பெண்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

"அவ எங்க மச்சான்?"

"மேலூர்லதேன் இருக்கா. இதுக்குப் போய் பிள்ளைகள விட்டுட்டு பஸ் ஏறி வரணுமாக்கும்? அவ கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா என் முன்னாடி போடலையே. அதுபோக, இந்த நிலத்துல உங்க தம்பிக்கும் பங்கு இருக்கு. அவ வேணாம்னா எங்க வீட்டுப் பங்கு கூடும். அவளே வந்தாலும் இதுல நான் சீல் போடக் கூடாது மச்சான். வேற நோட்டரிகிட்டத்தான் போகணும். அங்கயும் அவ நேர்ல வரணும்."

"நம்ம வீட்டுப் பேப்பருக்கு ஊரான்கிட்டப் போய் நிக்கணுமா?"

"ஆமா மச்சான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் மேசை மேல் இருந்த சீலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டு வந்த சீலு இது. அன்னைக்கு நான் உன்னைய ஒரு கேள்வி கேட்டேனா தாயி?"

மனசு மாறினால் போட்டு வை என்று சொல்லி, காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் வண்டி சத்தம் சந்தைத் தாண்டுகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அந்தக் காகிதம் பற்றித் தெரிந்திருந்தது.

"அவளே சம்மதிச்சுட்டான்னு அண்ணன் சொன்னாரு."

"நீங்க அவகிட்டக் கேட்டீங்களா?"

"அண்ணன் சொன்னதுக்கப்புறம் அவகிட்ட என்னத்தக் கேக்குறது?"

பரீட்சைத் தாளில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறை எழுதாத பிள்ளைக்கு முழு மார்க் போடாத மனுஷன் இவர். அதைச் சொல்லிக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராததற்கு மச்சான் மட்டும் காரணம் இல்லை. நான் ஒன்றும் தியாகி இல்லை. நாங்கள் இருந்தது வாடகை வீடு, அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. மகள் காலேஜுக்குப் போகிற வயதில் இருந்தாள். நிலம் மூன்றாகப் பிரியாமல் இரண்டாகப் பிரிந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. வேண்டாம் என்று தள்ளத் தள்ள மறுபடியும் அதுவே வந்து நின்றது. எனக்கு அந்த நிலத்தின் மேல் ஆசை இருந்தது.

காலையில் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "உன் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு என் மேசையில கிடக்கு. வந்து என்னன்னு பாத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் என் வாய் எந்தப் பக்கம் பேசுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மேலூர் பஸ்ஸில் மகனையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயதுப் பையன், இன்னும் முதல் மொட்டை போடாத தலை. முடி கண்ணில் விழாமல் உச்சியில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்கும். மாமன் மடி இல்லாமல் காதுகுத்து நடந்தால், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊர் பேசும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு அண்ணன்கள். மூத்த பெண் என் வீட்டுக்காரர் மடிக்கு என்று பேச்சு. பையன் பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் வைத்து, "இவன் என் மடிக்கு" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

"காதுகுத்துக்கு மண்டபம் பேசியாச்சு, நாளும் குறிச்சாச்சுன்னு பெரியண்ணன் வந்தாரு மதினி. அல்வா வாங்கிட்டு வந்திருந்தாரு. கிளம்புறப்ப, நிலத்து விசயமா ஒரு கையெழுத்துப் போடுன்னாரு. போட்டேன். அண்ணன்கிட்டப் போய் என்னத்தப் படிச்சுப் பாக்குறது?"

யாருக்கும் செய்கிறதுபோல அவளுக்கும் அந்தக் காகிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, வக்கீல் தமிழை வீட்டுத் தமிழில் சொன்னேன். பையன் என் சீலின் கைப்பிடியை அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். வேறு யாராக இருந்தாலும் நான் தொட விட்டிருக்க மாட்டேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இதுல சொல்லியிருக்கிறபடி இல்ல. இது இல்லாட்டி உண்டு. மூணுல ஒண்ணு உன்னோடது."

அவள் பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பங்கு கேட்டா இவனை யாரு மதினி மடியில வைப்பா?"

அவளுக்கு அதுதான் கேள்வி. நிலம் எத்தனை, விலை என்ன என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க."

"அத மட்டும் என்கிட்டக் கேக்காத. உனக்குக் குறைஞ்சா எனக்குக் கூடும்."

"உங்களுக்கு வேணுமா மதினி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணும்" என்றுதான் வந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "பெரியண்ணன் எல்லாம் உனக்காகத்தான்னாரு. சின்னண்ணன் போன்கூடப் பண்ணல. வேணும்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னது நீங்க ஒருத்திதான்." கொஞ்ச நேரம் பையனின் முடியைக் கோதிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "எனக்கும் வேணும் மதினி."

காகிதத்தை அவளிடமே கொடுத்தேன். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், அங்கிருந்து நேராகக் கப்பலூருக்கு பஸ் ஏறிப் போய், பட்டறையில் வைத்து அண்ணனிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அவர் சத்தம் போடவில்லையாம். லேத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாராம். "சரி, போயிட்டு வா" என்றாராம். பையனுக்கு மிட்டாய் வாங்கித் தரச் சொல்லிப் பட்டறை ஆளை அவளோடு அனுப்பியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் வரவில்லை. நிலத்தை விற்கிற பேச்சு நின்றுபோய், அதில் இப்போதும் கருவேலம்தான் மண்டிக்கிடக்கிறது. மண்டபத்தை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் வந்துவிடுவார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். என் வீட்டுக்காரர் நேரில் போய்க் கூப்பிட்டார், நாத்தனாரும் அவள் புருஷனும் தாம்பூலத் தட்டோடு போய்க் கூப்பிட்டார்கள். மச்சானின் மனைவி காப்பி கொடுத்தார். மச்சான் வீட்டில் இல்லை.

காதுகுத்து அன்றைக்கு மேடையில் இரண்டு மனை போட்டிருந்தார்கள். ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி காது குத்தி முடித்தார், பிள்ளை அழுது ஓய்ந்தது. இன்னொரு மனை காலியாக இருந்தது. மைக்கில் பெரிய மாமனைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். நாத்தனார் வாசலைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றாள். நேரம் போகிறது என்று ஆசாரி முனகினார்.

"எந்த மாமனா இருந்தா என்ன, மாமன் மடிதான? அவனையும் சின்னவரு மடியிலயே வைங்கப்பா" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

நாத்தனார் பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இல்லண்ணே. இவன் பெரியண்ணன் மடிக்குச் சொன்ன பிள்ளை. அவரு வரட்டும்."

"வரலைனா?"

"முடி வளரட்டும்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் நான் அழுதால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று பந்திப் பக்கம் போய் இலை போடுகிறவர்களோடு நின்றுகொண்டேன். அன்றைக்கு அந்தச் சீலை வைகையில் விட்டெறிந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. சட்டப்படி நான் செய்தது சரி. அது எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் சரியாகச் செய்ததற்கு அவளல்லவா விலை கொடுத்தாள்?

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

போன மாதம் ஒரு நாள் மச்சான் என் ஆபீஸுக்கு வந்தார். பட்டறையின் மின் இணைப்புக்கு ஒரு உறுதிமொழிக் காகிதம் வேண்டுமாம், எனக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். முறை வந்ததும் நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆதார் கார்டை எடுத்து வைத்தார். காகிதத்தை நான் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார், சீலை அழுத்தினேன். தலை நன்றாக நரைத்திருந்தது. வீட்டில் எல்லாரும் சுகமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் அங்கேயே நின்றார்.

"அந்தப் பயலுக்கு இப்ப முடி எம்புட்டு இருக்கு?"

எழுந்து, என் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

"சடை பின்னித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறா மச்சான். பிள்ளைக கேலி பண்ணுதாம்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை இறக்கவில்லை.